மூன்று நாள் தண்ணீர்

நேற்று மத்தியானம் திருச்செந்தூர் சாலைப் பக்கம் ஒரு புது வீட்டின் மொட்டைமாடியைப் பார்க்கப் போயிருந்தேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. வெயிலில் காய்ந்து இளகிய பிளாஸ்டிக் புல்லின் வாசனை. புது ரப்பர் செருப்பை அடுப்புப் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும் அது. வீட்டுக்கார அம்மா, "கால் வைக்க முடியல மேடம், பிள்ளைக ஏறவே மாட்டேங்குதுவ. இத எடுத்துட்டு நெசச் செடி வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். டேப்பை எடுத்து அளக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் வெயில் தாங்கவில்லை என்று நினைத்து ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார்.

உன் தோட்டத்தைப் பிடுங்கிப்போட்ட பிறகு அண்ணாச்சி வீட்டு மாடியில் விரித்ததும் இதே பச்சைதான். நீ அதைப் பார்க்கவில்லை. அந்தத் தெருவுக்கே நீ பிறகு போகவில்லை. நீ இறந்து இது இரண்டாவது கோடை. உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். நான் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இஞ்சினியர். வாசலில் லாரி லாரியாகப் புல்தரை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நீ குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாய். என்னை முன்னே பின்னே தெரியாது. நேரே என்னிடம் வந்து, "ஏளா, நீதான் இஞ்சினியரா? இந்தப் புல்லுக்கு ஒரு மாசம் ஆயுசு. எழுதி வச்சுக்க" என்றாய். நாசரேத்தில் இரண்டு ஆசிரியர்களுக்குப் பிள்ளையாகப் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களே "வாங்க, இருங்க" என்று பேசிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி 'ஏளா' என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தப் புல் முழுக்க வைக்கோல் நிறமானபோது, பில் புத்தகத்தில் உன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டது நானேதான்.

"தண்ணி உப்புளா. போர்த் தண்ணிய ஊத்திப்புட்டுப் புல்லு பச்சையா இருக்கணும்னா எப்படி இருக்கும்? அதுபோக மேக்காத்து. அது ஒண்ணு போதும், எல்லாத்தையும் பொசுக்கிரும்."

உன் அப்பா சங்கு குளித்தவர். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து அன்றைக்கு உலை வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்த வீடு உன்னுடையது. எனக்குக் காற்று என்பது கட்டடத்தைத் தள்ளும் ஒரு விசை. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. உனக்கோ ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு குணம் இருந்தது. மேற்கேயிருந்து வரும் கச்சான் வறட்டுக் கோபக்காரன், வடக்கேயிருந்து வாடை அழுதுகொண்டே வருவான், கிழக்கேயிருந்து வரும் கொண்டல் நல்லவன் என்பாய். இரண்டு பேருக்கும் அப்போது முப்பது வயது. கப்பல் சாமான் விற்கும் கடைக்கு மேலே ஒரு அறையை எடுத்து நாம் தொழில் தொடங்கியபோது, எனக்கு எடையும் தண்ணீரும், உனக்கு வெயிலும் காற்றும் உப்பும் என்று பிரித்துக்கொண்டோம். மொட்டைமாடியில் தோட்டம் போட இரண்டு பொம்பளைகள் வந்திருக்கிறார்கள் என்று முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

ஆறு வருடம். நாம் செய்த மாடிகளை இப்போதும் பஸ்ஸில் போகும்போது எண்ணிக்கொண்டு போவேன். ஒன்றைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் நிற்கின்றன. அதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்பதால் சொல்கிறேன்.

அண்ணாச்சி வீட்டு வேலை வந்தது ஆறாவது வருடத்தில். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வைத்திருந்த பெரிய மனிதர். மூன்று மாடி வீடு, மேலே ஏறினால் கிழக்கே முழுக் கடல். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றின் படங்களைப் போனில் காட்டி, "இப்படி வேணும்மா. புல்லு, ரோசாப்பூ, நடுவுல ஒரு நீரூத்து. வாரவன் வாயப் பொளக்கணும்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஒரு குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அந்த மாடிக்கு ஏறிவிட்டாய். நான்கு மூலையிலும் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டு, பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாய். எந்த மணிக்கு எந்தத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது, சுவர் நிழல் எங்கே வரை வருகிறது, தரை எப்போது காலைச் சுடுகிறது, எப்போது ஆறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தாய். அண்ணாச்சி வீட்டம்மா பாவப்பட்டுச் சாப்பாடு மேலேயே கொடுத்தனுப்பினார். சாயங்காலம் முகமெல்லாம் கருத்துப்போய் இறங்கிவந்து அண்ணாச்சியிடம் சொன்னாய்:

"அண்ணாச்சி, ரோசாப்பூ வச்சுத் தாரேன். ஒரு மாசம் இருக்கும், பெறகு உங்கமேல கோவப்பட்டுப் போயிரும். புல்லும் அப்படித்தான். இந்தக் கடலையும் காத்தையும் பாத்துப் பாத்து வளந்த செடி இருக்கு. அத நான் ராசா மாதிரி வச்சுத் தாரேன். வாரவன் வாயப் பொளக்கலன்னா என்னக் கேளுங்க."

"என்ன செடி?"

"கெழக்க அடம்பு, உமரி. மேக்க நொச்சி, கிளுவை. நடுவுல பூவரசு."

அண்ணாச்சி அதிர்ந்துவிட்டார். "உமரியா? உப்பளத்துல கழுத மேயுற உமரியவா எம்மாடில வைக்கப் போறிய?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, உமரி செவக்கும்போது பாத்திருக்கியளா? வெயில் ஏற ஏறச் செவக்கும். வேற எந்தச் செடி அப்படிச் செய்யும், சொல்லுங்க?" என்றாய். அவர் "பாத்திருக்கேன்" என்றார், சின்னக் குரலில். அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர் என்று பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

அந்தத் தோட்டத்தைப் போல நாம் இன்னொன்று செய்ததில்லை. மேற்கே காற்று மோதும் பக்கம் ஆளுயரத்துக்குத் துளைச் செங்கல் சுவர். அதற்கு உள்ளே நொச்சியும் கிளுவையும் நெருக்கமாக. சுவரை முழுதாக அடைத்தால் காற்று ஏறிக் குதித்து உள்ளே சுழலும், துளை இருந்தால் களைத்துப்போய் உள்ளே வரும் என்று நீ சொன்னாய். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. கறுப்புக் கல் வேண்டாம், சூட்டில் உட்கார முடியாது என்று வெள்ளை ஓடு பதித்தோம். போர்த் தண்ணீர் உப்பு என்பதால் அந்த வீட்டின் ஒன்பது ஏசியிலிருந்தும் சொட்டும் தண்ணீரைக் குழாய் வைத்து ஒரே தொட்டிக்குக் கொண்டுவந்தோம். அந்த யோசனை உன்னுடையதுதான். "ஊரே நல்ல தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு அலையுது. இவுக வீட்டுச் சொவத்துல வீணா ஒழுகுது" என்பாய். நடுவில் பூவரசு. அதற்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. மரம், மண், நனைந்த மண்ணின் எடை என்று இரண்டு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் தூணுக்கு நேர் மேலே, தென்னைநார்க் கழிவு கலந்த லேசான மண்ணில், வேரைத் தடுக்கும் கனத்த தொட்டிக்குள் வைக்கலாம் என்று நான்தான் வழி கண்டுபிடித்தேன். நீ என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாய்.

இனி வருவதுதான் நான் எழுத வந்தது.

மண் போடுவதற்கு முன்பு, தளம் முழுக்கத் தண்ணீர் இறங்காத கறுப்பு ஷீட்டை ஒட்டி, வடிகால் வாய்களை அடைத்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கவேண்டும். கீழே சீலிங்கில் ஈரம் காணவில்லை என்றால்தான் மேலே கைவைக்கலாம். நம் எல்லா வேலையிலும் அது என் பொறுப்பு. அந்த வாரம் நீ நடுவதற்குக் கிளுவைப் போத்து வெட்டி வர சாத்தான்குளம் பக்கம் போய் நான்கு நாள் தங்கிவிட்டாய். அண்ணாச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம் அந்த மாடியிலேயே வைப்பதாக முடிவாகி, தேதியும் குறித்துவிட்டார்கள். தண்ணீர் கட்டிய அன்று சாயங்காலம் அண்ணாச்சி மேலே வந்தார்.

"இது என்னம்மா, நீச்சல் கொளமா?"

"மூணு நாள் நிக்கணும் அண்ணாச்சி. ஒழுகுதான்னு பாக்கணும்."

"மூணு நாளா? மண்ணு எப்பப் போட, செடி எப்ப வைக்க? அது வேர் பிடிக்காண்டாமா? ஒழுகலல்லா? பெறகென்ன?"

நான் கீழே இறங்கி ஒவ்வொரு அறையாக அண்ணாந்து பார்த்தேன். ஈரம் இல்லை. மறுநாள் காலையிலும் பார்த்தேன். இல்லை. ஆறு வருடத்தில் என் வேலையில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. எனக்கு அந்தத் தைரியம். அடைப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் மட்டும் நின்ற தண்ணீர் வடிந்துபோனது.

நான்காம் நாள் நீ போத்துக் கட்டுகளோடு வந்து இறங்கினாய். கைகால் எல்லாம் முள் கீறல். மாடியைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள மண்ணு போட்டாச்சா? மூணு நாளும் தண்ணி நின்னுச்சுல்லா?" என்று கேட்டாய்.

"நின்னுச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் நீ சண்டை போடுவாய், மண்ணை அள்ளச் சொல்வாய் என்று தோன்றியது. அதைவிட, தப்பு செய்தேன் என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் நான் தப்பே செய்யாத பிள்ளை. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போயிருந்தது.

நிச்சயதார்த்த நாளில் அந்த மாடியைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்தான். சாயங்காலக் கடல்காற்று பூவரச இலைகளுக்குள் புகுந்து வந்தது. கைப்பிடிச்சுவர் ஓரம் அடம்பு ஊதாப்பூவோடு தொங்கியது. கிழக்கே ஒரு கப்பல் உள்ளே வரக் காத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து உமரிப் பாத்திக்கு அழைத்துப்போய், "எங்கய்யா வேலை பாத்த எடத்துச் செடி" என்று காட்டிக்கொண்டிருந்தார். நீ பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றாய். கண் கலங்கியிருந்தது. "ஏளா, நான் செத்தாலும் பரவால்ல" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. நம் ஊருக்கு அப்படி ஒரு மழை பழக்கமில்லை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். இரண்டு பேரும் தண்ணீருக்குள் நடந்தே போனோம். மூன்றாவது மாடியில் அவர்களுடைய படுக்கையறை. வடகிழக்கு மூலையில் ஃபால்ஸ் சீலிங் ஊறி, கட்டிலின்மேல் மொத்தமாக விழுந்திருந்தது. அண்ணாச்சி வீட்டம்மா காபி போட எழுந்து வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். தலையணை இருந்த இடத்தில் தகரச் சட்டம் குத்தி நின்றது. அதைப் பார்த்ததும் உன் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மரத்த வைக்காதியன்னு எல்லாரும் சொன்னாவ. நான்தான் கேக்கல. வேரு தளத்தத் தொளைச்சிட்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இஞ்சினியர். நீங்க சொல்லுங்க. வேருதான?" என்றார்.

பூவரசு நின்றது நடுத்தூணுக்கு மேலே. ஒழுகியது வடகிழக்கு மூலை. இடையில் இருபது அடிக்கு மேல். எனக்கு அது தெரியும். "பாத்துதான் சொல்லணும் அண்ணாச்சி" என்றேன். அந்த அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேர்தான் என்று.

படி இறங்கும்போது நீ நின்றாய். மழைத் தண்ணீர் உன் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: "ஏளா, மறைக்காம சொல்லு. அன்னைக்கு மூணு நாளும் தண்ணி நின்னுச்சா?"

அந்தக் கேள்விக்கு அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

"நின்னுச்சுன்னு சொன்னேன்லா" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

நீ தலையை ஆட்டினாய். "அப்பம் என் வேருதான்" என்றாய்.

தை மாதம் தோட்டத்தைப் பிடுங்கினார்கள். நீ போய் நின்றாய் என்று கேள்விப்பட்டேன். பூவரசை வெட்டும்போது அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசாமல், வெட்டுகிறவர்களுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒரு மேஸ்திரியை அனுப்பினேன். போனால் அந்த மூலையைப் பார்க்கவேண்டி வரும். பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். மேஸ்திரி மேலே ஒரு பூச்சைப் பூசிவிட்டு வந்தான். அதற்கு மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள்.

அண்ணாச்சி பெரிய மனிதர் என்பதால் அவர் சொன்ன சொல் துறைமுகம் முதல் பாளையங்கோட்டை சாலை வரை போனது. கடற்கரைச் சாலையில் கட்டிக்கொண்டிருந்த ஹோட்டல்காரர்கள் உன் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "அந்தப் பிள்ள வச்சா வேரு வீட்டத் தொளைக்கும்" என்று பேச்சு. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேலை வந்துகொண்டுதான் இருந்தது. நீ ஒரு நாள் அறைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "நீ தனியாப் பாருளா. என் பேரு கூட இருந்தா உனக்கும் வராது" என்றாய். நான் தடுத்தேன். ஆனால் தடுப்பதற்கு என்னிடம் இருந்த ஒரே உருப்படியான வார்த்தையைச் சொல்லவில்லை. நீ வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் தொட்டிச் செடி விற்க ஆரம்பித்தாய். தரையில் வைக்கும் செடி மட்டும். மாடிக்கு என்று யாராவது கேட்டால், "மாடிக்குத் தர மாட்டேன்" என்பாயாம்.

ஆனி மாதம் உனக்கு வயிற்று வலி. கணையம் என்றார்கள். ஆவணியில் நீ இல்லை. இடையில் இருந்தது பத்து வாரம்தான். கப்பல் வேலையில் இருந்த உன் வீட்டுக்காரர் பாதியில் இறங்கி வந்துவிட்டார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன்.

கடைசியாக நாம் தனியாக இருந்த அந்தப் பிற்பகல். உன் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியே காற்று வந்துகொண்டிருந்தது. நீ கண்ணை மூடியபடியே, "கச்சான் தணிஞ்சிட்டு" என்றாய். நான் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ என் கையைப் பிடித்துவிட்டாய்.

"நான் மொதல்ல சொல்லிருதேன். எனக்கு மூச்சு வாங்குது. நீ கணக்குல சரியாத்தான் இருந்த. நான்தான் பூவரச வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். அந்தம்மா தலையில விழுந்திருந்தா? அத நெனச்சா எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்குது. உனக்கும் சேத்துல்லா கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன். மன்னிச்சிருளா."

நான் வாயைத் திறந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். உனக்குக் கோபம் வந்திருக்கும், என்னை வெளியே போகச் சொல்லியிருப்பாய், ஆனால் அந்த அம்மாவின் தலையணையை நினைத்துக்கொண்டு நீ விழித்துக் கிடக்கவேண்டியிருந்திருக்காது. நான் சொன்னது, "அதெல்லாம் இப்ப எதுக்கு. பேசாமப் படு" என்பதுதான். போர்வையை இழுத்துவிட்டேன். நான் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு நீ தூங்கிப்போனாய்.

உன்னை அடக்கத்துக்குக் கொண்டுபோன அன்று மாதா கோயில் வாசலில் அண்ணாச்சி நின்றார். உள்ளே வரவில்லை.

ஐப்பசியில் மறுபடி மழை. அவ்வளவு பெரிய மழை ஒன்றுமில்லை. அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. "அதே மூலை ஒழுகுது. செடி இல்ல, மரம் இல்ல, வேரும் இல்ல. பெறகு எப்படிம்மா ஒழுகுது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

நான் போனேன். ஆளை வைக்காமல் நானே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். புல் விரிப்பைச் சுருட்டி ஒதுக்கினேன். வடகிழக்கு மூலையில், வடிகால் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சைக் கொத்தினேன். தளத்தில் ஒட்டிய ஷீட் சுவரில் ஒரு முழமாவது ஏறியிருக்கவேண்டும். அந்த மூலையில் நான்கு விரல்கூட ஏறவில்லை. யாரோ துண்டு குறைந்ததும் அதோடு வெட்டி, மேலே சிமெண்டைப் பூசி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் மூன்று நாள் நின்றிருந்தால் இரண்டாம் நாளே கீழே ஈரம் காட்டியிருக்கும். ஒரு வேர்கூட அங்கே வந்த தடயம் இல்லை. உன் பூவரசு நான் சொன்ன தொட்டியைத் தாண்டவே இல்லை.

அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நாளில் தண்ணீரைத் திறந்துவிட்டதையும், உன்னிடம் இரண்டு தடவை பொய் சொன்னதையும். அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானம்மா அவசரப்படுத்தினேன்" என்றார்.

"நீங்க அவசரப்படுத்துவீங்க அண்ணாச்சி. மாட்டேன்னு சொல்ல வேண்டியது என் வேலை."

அவர் பூவரசு நின்ற பக்கம் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ள ஏணியப் பிடிச்சிட்டு நின்னுச்சு. நான் ஒரு வாய் தண்ணி குடின்னு சொல்லல" என்றார். எழுந்தார். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. அவளப்பத்தி நான் யார் யார்ட்டச் சொன்னேனோ அங்கெல்லாம் நீங்க எங்கூட வரணும். வருவியளா?"

போனோம். அவர் காரிலேயே, ஒரு வாரம். ஹோட்டல்காரர்களிடம், இரண்டு காண்டிராக்டர்களிடம், அவருடைய சம்பந்தி வீட்டில். ஒவ்வொரு இடத்திலும் அவர் முதலில், "அந்தப் பிள்ள மேல தப்பில்ல, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்பார். பிறகு நான் என் பங்கைச் சொல்வேன். சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஹோட்டல் முதலாளி, "போனவங்களப் பத்தி இப்ப எதுக்குங்க" என்று கேட்டுவிட்டு டீ வரவழைத்தார். அதன் பிறகு எனக்குப் பெரிய வேலைகள் வரவில்லை. சின்ன மாடிகள் வருகின்றன. எல்லாவற்றிலும் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. அதை ஒரு நல்ல காரியமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே என் வேலை.

உன் வீட்டுக்குத்தான் கடைசியாகப் போனேன். உன் வீட்டுக்காரர் மறுபடி கப்பல் ஏற ஒரு வாரம் இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். உன் தொட்டிச் செடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்திருந்தார், மனை காலியாக இருந்தது. நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கையில் வைத்தபடி கேட்டார். அதிர்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி அண்ணே?"

"தெரியும்னா, சந்தேகம். அப்பம் நான் கப்பல்ல இருந்தேன். அவ போன்ல அழுதுக்கிட்டே வேரு, வேருன்னு சொன்னா. மரம் இங்கன, ஒழுகுனது அங்கனன்னா எப்படி வேருன்னு கேட்டேன். உன் கூட்டாளிதான் என்னமோ கோளாறு பண்ணிட்டு மறைக்குதுன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். போனை வச்சிட்டா. ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. கல்யாணம் ஆகி அவ எங்கிட்டப் பேசாம இருந்தது அந்த ரெண்டு நாள்தான். மூணாவது நாள் எடுத்து, 'அவ எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா. இனி அவளப்பத்தி ஒரு வார்த்த சொன்னிய, நான் போனையே எடுக்க மாட்டேன்'னா. அதுக்குப் பெறகு நானும் கேக்கல."

அவர் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா கொஞ்ச நாளைக்கு இங்க வராதிய" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வாசல் வரை வந்து கேட்டையும் திறந்துவிட்டார்.

நான் அன்றிலிருந்து சுமப்பது இதைத்தான். நடுக்கடலில் இருந்த புருஷனிடம் இரண்டு நாள் நீ எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாய். அழவும் ஆள் இல்லாமல், அந்த வீட்டில் தனியாக. அந்த இரண்டு நாளும் நான் இதே ஊரில்தான் இருந்தேன். உன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.